அம்மனை விட்டுப் போனவர்கள்

2025 ஏப்ரல் 17. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே போனார்கள், கும்பிட்டார்கள், திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள் கோயிலுக்குள் வரவில்லை.

தோழர்கள் பலரும் அந்தச் செய்தியின் முதல் பாதியைத்தான் பகிர்ந்தார்கள். நம் சனங்கள் உள்ளே போன படம், கண்ணீர், கைகூப்பு. அது சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டது இரண்டாவது பாதியைப் பற்றி. குலதெய்வம் என்றார்கள், முன்னோர் கட்டியது என்றார்கள், ஐதீகம் என்றார்கள், இரண்டு வருடம் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அப்படிப்பட்ட அம்மனுக்குக் கதவு திறந்த நாளில் ஏன் வரவில்லை? அம்மன் அதே இடத்தில்தானே இருந்தாள்?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேல்பாதி வன்னியர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊர். 2023 ஏப்ரல் 7 அன்று திருவிழாவின்போது கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதன்பிறகு அமைதிப் பேச்சுவார்த்தை சுற்றுச் சுற்றாக நடந்தது. எதுவும் முடியவில்லை. 2023 ஜூன் 7 அன்று வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச் 22 முதல் பூசாரி மட்டும் உள்ளே போய்ப் பூசை செய்யலாம் என்று ஆனது. ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கோயிலில் பூசாரியும் அம்மனும் மட்டும்தான்.

சீல் வைக்கப் பயன்படுத்திய சட்டத்தைச் சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 145-வது பிரிவு. நிலத்தையோ நீரையோ யார் அனுபவிப்பது என்று இரு தரப்பு மோதி அமைதி கெடும் நிலை வந்தால் பயன்படுத்திய பிரிவு அது. வரப்புத் தகராறுக்கும் கிணற்றுத் தகராறுக்கும் உரியது. வழிபாட்டு இடத்துக்குள் போகவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தெளிவான குற்றம். 3(1)(இசட்ஏ) என்று தனி உட்பிரிவே இருக்கிறது. 1947-லேயே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. அரசியல் சட்டத்தில் 17-வது பிரிவு இருக்கிறது, 25(2)(ஆ) இருக்கிறது. இத்தனையும் இருக்க, அடித்தவனையும் அடிபட்டவனையும் 'இரு தரப்பு' ஆக்கியது அரசு. இது அநியாயம். ஆனால் அதிகாரிகள் தங்களை அறியாமல் ஒரு உண்மையையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இது சாமி பிரச்சினை இல்லை, அனுபோகப் பிரச்சினை. ஊரில் எது யார் கையில் இருக்கிறது என்கிற பிரச்சினை.

மேல்பாதி மட்டுமா என்றால் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கூடவே நின்று தலித் மக்களை முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக மூடியிருந்த வாசல் அது. அங்கேயும் சாதி இந்துக்கள் செய்தது புறக்கணிப்புதான். கொஞ்சம் பின்னால் போனால் மதுரை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர், கக்கன் உள்ளிட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். பட்டர்களில் ஒரு பகுதியினர் அதற்குப் பிறகு கோயிலுக்கே வரவில்லை. எதிர்த்தவர்கள் நடேச அய்யர் என்ற வழக்கறிஞரை முன்னிறுத்தி, வேறோர் இடத்தில் தனியாக ஒரு மீனாட்சி கோயிலையே வைத்துக்கொண்டார்கள். பெரிய கோயில் மீனாட்சியை விட்டுவிட்டுப் போவதற்குப் பக்தி தடையாக இல்லை.

கோயிலை விட்டுக்கொடுக்க முடிகிறது, சாமியை விட்டுக்கொடுக்க முடிகிறது. விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. அது என்ன என்று எங்கள் ஊர்க் கணக்கை வைத்துச் சொல்கிறோம்.

எங்கள் ஊர் அவலூர்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறோம். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவலூர்பேட்டைதான். சித்தகிரி முருகன் கோயில் மலையைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறிப் படித்தவர்கள் நாங்கள். ஊரில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் உண்டு. ஆடியில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும், கடைசியில் படுகளமும் தீமிதியும்.

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒரு ஆண் ஒரு தலைக்கட்டு. நீளமான ஒரு பேரேடு இருக்கிறது, சிவப்புத் துணி அட்டை போட்டது. தர்மகர்த்தா வீட்டுப் பீரோவில் இருக்கும். காலனிக்காரர் பெயர் அதில் ஒன்றுகூடக் கிடையாது. எங்களிடம் வாங்குவது வேலை. தண்டோரா போடுவது, மேளம் அடிப்பது, பந்தலுக்குக் குழி வெட்டுவது, தீமிதிக்கு விறகு பிளந்து போடுவது. நாங்கள் பிளந்த விறகில் தீட்டு ஒட்டுவதில்லை. நெருப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும்போல.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பையன்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, மஞ்சள் பையில் போட்டு, பெரியவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார்கள். "அய்யா, எங்க வரியையும் சேர்த்துக்குங்க."

திண்ணையில் இருந்தவர்களுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏம்பா, சாமி கும்புடணும்னா வாங்க. ஓரமா நின்னு கும்புட்டுட்டுப் போங்க. யாரு வேணாங்கறா? வரி கிரின்னு மட்டும் பேசாதீங்க."

தோழர்களே, எங்கள் ஊரைப் பற்றி எழுத நினைத்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். கும்பிட்டுக்கொள்ளலாம், வரி கொடுக்கக்கூடாது. பக்திக்கு ஓரத்தில் இடம் உண்டு. பேரேட்டில்தான் இடம் இல்லை.

பேரேட்டில் பெயர் வந்தால் என்ன ஆகும்? வரி கொடுத்த தலைக்கட்டு கோயில் கூட்டத்தில் உட்காரலாம். உட்கார்ந்தால் கணக்குக் கேட்கலாம். என்ன கணக்கு? ஏரி மீன் குத்தகைப் பணம் கோயில் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. ஏரிக்கரைப் புளியமர ஏலமும் அப்படித்தான். ஏரியும் கரையும் கோயில் சொத்தா என்று கேட்க ஆள் இல்லை, ஏனென்றால் கேட்கக்கூடியவன் கூட்டத்தில் இல்லை. கோயில் மானிய நிலம் இருக்கிறது. அதை யார் உழுவது என்று முடிவு செய்வது அந்த மண்டபம். திருவிழாவில் மிஞ்சிய பணத்தை வட்டிக்கு விடுகிறார்கள். இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்த வட்டிப் பணத்தை அவசரத்துக்கு வாங்குகிறவர்களில் பாதிப்பேர் காலனிக்காரர்கள். எங்கள் கை வழியாக வரி போனால் தீட்டு, வட்டி போனால் தீட்டில்லை.

ஊராட்சித் தேர்தல் வந்தால் அதே மண்டபத்தில்தான் பேச்சு. யார் நிற்பது, யார் விலகுவது, எவ்வளவு கொடுப்பது என்று பேசிவிட்டுக் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். சத்தியம் செய்தவன் மாற்றிக் குத்தமாட்டான், அம்மன் கண்ணைக் குத்திவிடுவாள். இதை நாங்கள் கற்பனையாகச் சொல்லவில்லை. 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாகவும், பணம் கோயில் வேலைக்கு என்றும் செய்தி வந்தது. 2021 உள்ளாட்சித் தேர்தலின்போது எங்களுக்கு இன்னும் பக்கத்தில், செஞ்சிப் பகுதியில் பொன்னங்குப்பம் ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. கோயிலுக்கு என்று சொன்னால் லஞ்சம் காணிக்கை ஆகிவிடும், ஓட்டு வியாபாரம் ஊர்க் கட்டுப்பாடு ஆகிவிடும். சாமி இல்லாமல் வெறுமனே நாலு பேர் உட்கார்ந்து இதைச் செய்தால் அதற்குப் பெயர் சதி. சாமி முன்னால் உட்கார்ந்து செய்தால் ஐதீகம்.

மஞ்சள் பையோடு போன அந்த வருடம் மல்லாட்டை பிடுங்க எங்களை யாரும் கூப்பிடவில்லை. பெரியப்பா ஒருவர் பன்னிரண்டு வருடமாகக் குத்தகைக்கு உழுத நிலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கடையில் கடன் கிடையாது. வெளியூர் ஆட்களை வேனில் இறக்கினார்கள், கூலி கட்டுப்படியாகாமல் மூன்றாம் மாதம் மெதுவாக வந்து கூப்பிட்டார்கள். பெரியப்பா நிலம் மட்டும் திரும்பி வரவில்லை. அறுபது வயதிலும் அவரை 'டேய்' என்று கூப்பிடுகிற பையன்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். அவர் 'வாங்க தம்பி' என்பார்.

பேச்சுவார்த்தைக்கும் கூப்பிட்டார்கள். ஒரு அரசு அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, டீ கொடுத்து. அதிகாரி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்குத்தான் காலனியில தனியா மாரியம்மன் கோயில் இருக்கே, அப்புறம் எதுக்கு இது?" உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். சாமி எங்கேயும் கிடைக்கும். ஏரிக் குத்தகை எங்கள் மாரியம்மன் கோயிலில் நடப்பதில்லையே.

இங்கே இளைய தோழர்களோடு ஒரு சின்னச் சண்டை போட வேண்டும். மதம் என்பதே அதிகாரத்துக்கு முகமூடி, அதைக் கும்பிடுகிறவன் ஏமாளி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். எங்கள் ஆயாவை வைத்துப் பார்த்தால் அது சரியாக வரவில்லை. ஆயா எழுத்துத் தெரியாதவர். பாரதம் முழுக்கத் தெரியும். கூத்து மேடைக்கு எதிரே உட்கார முடியாது. களத்துமேட்டு ஓரமாக, ஒலிபெருக்கிச் சத்தம் எட்டுகிற இடத்தில் சாக்கு விரித்து விடிய விடியக் கேட்டுக் கற்றது. துகில் உரிகிற ராத்திரி ஆயா சாப்பிடாது. 'சபையில அத்தன பெரியவங்க வாயமூடிக்கினு இருந்தாங்களே' என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்டதுபோல அழும். ஆயாவுக்கு அந்த அம்மன் யாருக்கும் எதற்கும் திரை இல்லை. சபை நடுவே நியாயம் கேட்ட ஒரு பொம்பளை. பேரேட்டைப் பீரோவில் பூட்டியவருக்கும் ஆயாவுக்கும் ஒரே சாமி என்று எழுதினால் அது ஆயாவுக்குச் செய்கிற துரோகம்.

அந்தச் சாமி இந்த மண்ணுக்காரிதான். திரௌபதி வழிபாட்டுக்குத் தாய்வீடு செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988-ல் வந்தது, அதன் பெயரிலேயே செஞ்சி இருக்கிறது. நம் பக்கத்துத் திரௌபதி கோயில்கள் பலவற்றில் வாசலுக்கு வெளியே ஒரு காவல்காரர் உண்டு, முத்தால் ராவுத்தர். பெயரைப் பாருங்கள், ராவுத்தர். துலுக்கச் சாமி. அம்மனுக்குக் காவல். ஒரு முஸ்லிம் குதிரை வீரனைக் காவலாக வைத்துக் கும்பிட இந்த ஊர்களுக்கு எந்த ஐதீகமும் தடையாக இருந்ததில்லை. ஐதீகம் அவ்வளவு இளகியது. சேரி என்று வரும்போது மட்டும் அது கருங்கல் ஆகிவிடுகிறது.

தேசிங்கு ராஜா கதையும் இப்படித்தான் கையில் சிக்கிக்கொண்டது. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் செஞ்சி மேல் படை எடுத்தது வரி நிலுவைக்காக. தேசிங்கோடு நின்று செத்த உயிர்த் தோழன் மகபத்கான் ஒரு முஸ்லிம். எங்கள் தாத்தாக்கள் அதை நட்புக் கதையாகத்தான் சொன்னார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் அதே கதை இந்து மன்னன், முஸ்லிம் படை என்று வருகிறது. மகபத்கானைக் காணோம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபிறகு இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. கோட்டை யாருடையது என்று கிளப்பிவிட்டால் ஓட்டு யாருடையது என்று பிறகு கணக்குப் போடலாம்.

அந்தக் கணக்கில் நாமும் இருக்கிறோம் என்பதுதான் எங்கள் கவலை. பிள்ளையார் சதுர்த்திக்கு டிராக்டர் வாடகையும் டீ-சர்ட்டும் கொடுத்துக் காலனிப் பையன்களை ஊர்வலத்துக்குக் கூப்பிட ஆள் வருகிறது. அன்றைக்கு நாம் எல்லோரும் இந்து. மசூதித் தெரு வழியாகப் போகும்போது முன்வரிசையில் நிற்க வேண்டிய இந்து. வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையில் முதல் பெயராக வரும் இந்து. ஆடி மாதம் தீமிதிக்கு அதே பையன் காலனி. போன வருடம் எங்கள் பையன் ஒருவன் கூப்பிட வந்தவரிடம் கேட்டான்: "அண்ணே, ஊர்வலத்துக்கு வரேன். எங்க ஊரு கோயில் பேரேட்டுல என் பேரைச் சேர்த்துட சொல்லுங்க, வரேன்." வந்தவர் அது உள்ளூர் விவகாரம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அண்ணல் அம்பேத்கர் இந்த இடத்தைக் கடந்து போனவர். 1930 மார்ச் 2 அன்று நாசிக் காளாராம் கோயில் வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார். வருடக்கணக்கில் நடந்தது. 1934-ல் பாவுராவ் கெய்க்வாட்டுக்கு எழுதிய கடிதத்தில், நம் மக்கள் சிலை வணங்க வேண்டும் என்பதற்காகத் தான் அதைத் தொடங்கவில்லை, அவர்களைத் தட்டி எழுப்ப அது நல்ல வழி என்று நினைத்ததால் தொடங்கியதாக விளக்கினார். 1935 அக்டோபரில் அதே நாசிக் மாவட்டத்து இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். இதைக் காட்டி, பிறகு ஏன் கோயில் வாசலில் நிற்கிறீர்கள் என்று கேட்கிற தோழர்களுக்குச் சொல்கிறோம்: கடவுளிடம் போவதா வேண்டாமா என்பது ஆயாவும் நீங்களும் தனித்தனியாக முடிவு செய்துகொள்கிற விஷயம். ஏரி மீன் யாருடையது என்பது அப்படி இல்லை. நாளைக்கே காலனி மொத்தமும் பௌத்தம் தழுவினாலும் ஏரி எங்கேயும் போகாது, குத்தகை அந்த மண்டபத்தில்தான் நடக்கும்.

அதனால் நாங்கள் கேட்பதை மாற்றிக்கொண்டோம். உள்ளே விடு என்பதோடு நிறுத்துவதில்லை. பேரேட்டில் சேர், வரவு செலவைப் பொதுவில் வை, ஏரிக் குத்தகையைக் கோயில் கணக்கிலிருந்து பிரி, திருவிழாப் பத்திரிகையில் எங்கள் தெருவின் பெயரைப் போடு, இல்லாவிட்டால் மேளத்துக்கும் விறகுக்கும் ஆள் வராது. இது கேட்கச் சின்னதாக இருக்கும். வாசலில் நின்று கைகூப்பினால் படம் எடுத்துப் போடப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். கணக்குக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். ஆனால் திண்ணையில் சிரித்துக்கொண்டே பேசினவர் இப்போது சிரிப்பதில்லை. மேல்பாதியில் கூட்டத்தோடு விலகிப் போன மாதிரி இங்கே சாமியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. சாமியை விடலாம், ஏரியை எப்படி விடுவது?

இப்போது வரியைக் கையில் கொண்டுபோவதில்லை. ஒவ்வொரு தலைக்கட்டு பெயரிலும் மணியார்டர் அனுப்புகிறோம், கோயில் முகவரிக்கு. எங்கள் கணக்கில் பொம்பளைகளும் தலைக்கட்டுதான், ஆயா பெயரில் ஒன்று போகிறது. எல்லாம் திரும்பி வருகிறது, வாங்க மறுத்துவிட்டார் என்று எழுதி. அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாக ஒட்டி வைத்திருக்கிறோம், மூன்று வருடத்துக்கானது சேர்ந்துவிட்டது. அறநிலையத்துறைக்குப் போட்ட மனுவோடு நகல் வைத்தோம், வழக்கறிஞரிடம் ஒரு நகல் இருக்கிறது. இந்த வருடத்துக்கான மணியார்டரைச் சித்திரையிலேயே அனுப்பிவிட்டோம். மற்றதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆயா பெயரில் போனது மட்டும் இன்னும் வரவில்லை. தபால்காரரிடம் கேட்டிருக்கிறோம், பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.